தெரியாதவள் மடியில் ஒரு புத்தகம்

இன்டர்நேஷனல் சிட்டி, சைனா கிளஸ்டர், மூன்றாம் மாடி.
எதிர் ஃபிளாட் ஷென் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து
என் வாசலில் இறக்கினார்.
டிராகன் மார்ட்டில் கதவுக் கைப்பிடி விற்கிறவர்.
பெட்டியின் மேலும் கைப்பிடிப் படம்தான்.
உள்ளே முப்பத்தொரு கதைப் புத்தகம்.

பள்ளி விட்டு ஆறு மணி வரை
அவர் மகன் ஹௌரான் என் பொறுப்பு,
என் ருமைஸாவோடு சேர்த்து.
மாதம் நானூறு திர்ஹம்.
"கொஞ்சம் வாசிக்க வையுங்கள்" என்றார்.
எனக்குச் சீனம் ஒரு எழுத்தும் தெரியாதே.
"அவனுக்குத் தெரியும். பிடிக்கவில்லை."

நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தாராம்.
பக்கத்துக்கு ஒரு சாக்லேட்.
பிறகு போனில் பத்து நிமிட அலாரம்.
அலாரம் அடிக்கும்வரை பையன்
ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

முதல் வாரம் பெட்டி செருப்பு ஸ்டாண்டு ஆனது.

ஒரு செவ்வாய்க்கிழமை
சோற்றுக்கு உலை வைத்துவிட்டு
சும்மா ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.
கரடி. குளம். குளத்துக்குள் மஞ்சளாய் ஏதோ.
ருமைஸாவுக்குச் சொன்னேன்:
ஒரு ஊர்ல ஒரு கரடியாம்,
அதோட தோசை தண்ணியில விழுந்துருச்சாம்.

சோபாவின் அடியிலிருந்து ஒரு குரல்,
பாதி இங்கிலீஷ், பாதி கோபம்:
தோசை இல்லை!
ஊர்ந்து வந்தான். முழங்காலெல்லாம் தூசி.
என் மடிமேல் விரலை ஊன்றி
இரண்டு படி வைத்த ஏணி போல் ஓர் எழுத்தைக் காட்டி
"யுவே" என்றான். நிலா.
நான் "யூவீ" என்றேன்.
தலையில் அடித்துக்கொண்டான்.

அன்று என்னைத் திருத்தித் திருத்தியே
கடைசிப் பக்கம் வந்துவிட்டான்.
அவனுக்கே தெரியவில்லை.
குழம்பு அடிப்பிடித்தது எனக்கும் தெரியவில்லை.

வேண்டுமென்றே தப்பாய்ச் சொன்னேன் என்று
யாரும் நினைக்க வேண்டாம்.
எனக்கு அது தோசைதான்.

பிறகு தினமும் ஒன்று.
கரடி என்ற எழுத்துக்கு அடியில் நான்கு புள்ளி.
"நாலு கால்" என்றான் ஹௌரான்.
ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த ஷென்
வாசலிலிருந்தே, "கால் இல்லை, அது நெருப்பைக் குறிக்கும்..."
நான் வாயில் விரல் வைத்தேன்.
அடுத்தவர் மகன், அடுத்தவர் மொழி,
எனக்கு ஏது அந்தத் துணிச்சல்?
அவர் நிறுத்திவிட்டார்.
கரடி நான்கு காலில் நடந்து போயிற்று.

குதிரைக்கு "மா" என்றான்,
குரலைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றி.
பத்தாம் வகுப்புச் செய்யுளில்
மா என்றால் குதிரை என்று
மனப்பாடம் செய்தது நினைவு வந்தது.
எங்களுக்கும் மாதான் என்றேன்.
அவன் நம்பவில்லை.
"உங்கள் மா தட்டையாக இருக்கிறது."

போன வாரம் மழை.
வருஷத்துக்கு நாலு நாள் வருகிற மழை.
பால்கனிக் கண்ணாடியில் துளிகள்.
ஹௌரான் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து
ஜன்னலுக்குள் நான்கு சொட்டு போட்ட
அந்த எழுத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தான்.
நானும் வாசித்தேன். உச்சரிப்பு தப்புதான்.

நேற்று ஷென் சீக்கிரம் வந்தார்.
மகன் பக்கத்தில் உட்கார்ந்து
கரடியைக் காட்டி, "இது நாயா?" என்று கேட்டார்.
ஹௌரான் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.
"உனக்குத் தெரியும் பாபா. பொய் சொல்றே."

பாவம், தெரிந்தவர் என்ன செய்வார்.
கையை எங்கே வைப்பதென்று புரியாமல்
தரையில் கிடந்ததை எடுத்தார்.
ருமைஸாவின் தமிழ்ப் புத்தகம்.
நான் ஆறு மாதமாய்க் கெஞ்சியும் திறக்காதது.
இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.
தலைகீழாய்ப் பிடித்திருந்தார்.

அடுப்பில் தேநீர் பொங்க ஓடினேன்.
கூடத்தில் என் மகள் சொல்வது கேட்டது,
அலுப்பும் பெருமையுமாக:
"ஐயோ அங்கிள், அது பாம்பு இல்ல.
அது 'இ'. இங்க பாருங்க."